ஃபீஸ் கவுன்டருக்குப் பின்னால் இருப்பவர்கள்

தனியார் பள்ளி என்றால் வெளியில் இருப்பவர்களுக்கு மூன்று பேரைத்தான் தெரியும்: தாளாளர், முதல்வர், பிள்ளையின் வகுப்பு டீச்சர். ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருப்பவரைக் கட்டணம் கட்டும் நாளில் மட்டும் பார்ப்பார்கள், அதுவும் பெரும்பாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டு. கடலூர் மஞ்சக்குப்பம் பக்கத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியின் ஆபீஸ் அறையில் 1990களின் நடுவிலிருந்து இருக்கிறேன். பி.காம். முடித்த கையோடு கேஷியராகச் சேர்ந்தேன். இன்று நாற்காலியின் பெயர் அலுவலக மேலாளர். நாற்காலி அதே இடத்தில்தான் கிடக்கிறது, அதில் உட்கார்ந்து பார்க்கும் வேலை அடியோடு வேறாகிவிட்டது.

அன்றைய வேலையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். டிமாண்ட் ரிஜிஸ்டரில் வகுப்புவாரியாகப் பிள்ளைகளின் பெயர். கார்பன் வைத்த ரசீதுப் புத்தகம். சாயங்காலம் கேஷ் புக்கை மூடி, மறுநாள் காலை சலான் எழுதி வங்கியில் கட்டுவது. மாதக் கடைசியில் அக்விட்டன்ஸ் ரோல் என்கிற சம்பளப் பட்டுவாடாப் பட்டியலில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, ஒவ்வொரு டீச்சரிடமும் கையெழுத்து வாங்கிச் சம்பளக் கவரைக் கொடுப்பது. மே மாதம் டி.சி. எழுதுவது. வருஷத்துக்கு ஒரு தடவை ஆடிட்டரிடம் மூட்டையாகக் கட்டிக்கொண்டு போவது. அவ்வளவுதான். ஜூன் மாதம் மட்டும் மூச்சுவிட முடியாது, மற்ற மாதங்களில் மத்தியானம் நிதானமாகச் சாப்பிடலாம்.

இது எப்படி மாறியது என்று யோசித்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு இந்த வேலையை வளர்க்கவில்லை. எங்கோ ஒரு துயரம் நடக்கும், எங்கள் பீரோவில் ஒரு கோப்பு கூடும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் போனார்கள். அதற்கு முன்பும் கட்டட விதிகள் இருந்தன, ஆனால் கேட்பவர்கள் குறைவு. அதற்குப் பிறகு கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று இந்த நாலும் இல்லாமல் அங்கீகாரம் புதுப்பிக்கப் போக முடியாது என்ற நிலை இறுகியது. 2009இல் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு உட்கார்ந்து ஒவ்வொரு பள்ளிக்கும் கட்டணம் நிர்ணயிக்க ஆரம்பித்தது. 2010 ஏப்ரலில் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது, நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்துக்குத் தனிக் கணக்கு. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்தாள், அதே வருஷம் பள்ளி வாகனங்களுக்கென்று சிறப்பு விதிகள் வந்தன. அப்புறம் எமிஸ் (மாநில அரசின் மாணவர் விவர இணையதளம்), யு.டைஸ் (மத்திய அரசின் பள்ளிப் புள்ளிவிவரத் தொகுப்பு), ஆதார், ஜி.எஸ்.டி., யு.பி.ஐ. எல்லாம் அடுத்தடுத்து வந்தன. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2018ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், அதற்கு 2023இல் விதிகள்.

ஒவ்வொன்றும் நியாயமானதுதான். பிள்ளைகள் செத்த பிறகு வந்த விதியைப் பார்த்து முணுமுணுக்க எனக்கு மனம் வராது. ஆனால் இதையெல்லாம் செய்யப்போகிற ஆளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஆசிரியருக்கு பி.எட். இருக்கிறது, பணியிடைப் பயிற்சி இருக்கிறது. ஆபீஸ்காரர்களுக்கு எதுவும் கிடையாது. முன்னால் இருந்தவர் விட்டுப்போன கோப்பும், அவர் போன் நம்பரும்தான் எங்கள் பல்கலைக்கழகம்.

வெளிநாட்டில் இதை ஒரு தொழிலாகவே வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பள்ளி நிதி, நிர்வாக அலுவலர்களுக்கான சங்கம் 1910லேயே தொடங்கப்பட்டது. இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டம் பள்ளியின் பணத்தைப் பள்ளியின் கையிலேயே கொடுத்தது. அதற்கப்புறம் வரவு செலவு, ஆள் சேர்ப்பு, கட்டடம் எல்லாவற்றையும் பார்க்கத் தனி ஆள் தேவைப்பட்டது, அவர்களுக்கு என்று தகுதிச் சான்றிதழ் வந்தது. அவர்களுடைய தேசியச் சங்கம் 2017இல் தொழில்முறை நிறுவனமாகவே மாறிவிட்டது. இங்கே எங்களுக்குப் பெயர்கூட ஒன்றாக இல்லை. ஒரு பள்ளியில் சூப்பரின்டென்டன்ட், இன்னொன்றில் மேனேஜர், வேறொன்றில் 'ஆபீஸ் சார்'. செய்கிற வேலை மட்டும் ஒன்று.

எங்கள் வட்டாரத்தில் ஆபீஸ்காரர்கள் ஒருவருக்கொருவர் பேச ஆரம்பித்தது இனிஷியலால். கேட்டால் சிரிப்பு வரும். பி.எஃப். கணக்கோடு ஆதார் இணைத்தால்தான் மாதக் கணக்கை ஏற்ற முடியும் என்று 2021இல் கட்டாயமானபோது, எங்கள் டீச்சர்களில் பலருக்குப் பெயர் ஒத்துப்போகவில்லை. பள்ளிப் பதிவில் 'எஸ். கலைச்செல்வி' என்று இருக்கும். ஆதாரில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் பின்னால் போட்டிருப்பார்கள். பான் அட்டையில் அப்பா பெயர் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். கல்யாணமானவர்களுக்குச் சில இடத்தில் கணவர் பெயர். கணினிக்கு இந்த நாலு பெயரும் நாலு பெண்கள். பி.எஃப். பணம் ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும், தவறினால் வட்டியும் அபராதமும். தேதி நெருங்க நெருங்க வயிற்றில் புளி கரைக்கிறது.

அந்த நேரத்தில் நெல்லிக்குப்பத்துப் பள்ளி ஒன்றின் மேலாளர் போன் செய்தார். எங்களுக்குப் போட்டிப் பள்ளி. அவர்கள் வேனும் எங்கள் வேனும் ஒரே தெருவில் நிற்கும். "ஏன் மேடம், உங்களுக்கும் இந்தப் பேர் தகராறு வருதா?" என்றார். அவர் திருத்தத்துக்கான கூட்டு விண்ணப்பத்தை எப்படி நிரப்பினார், எந்த ஆவணத்தை வைத்தபோது ஏற்றுக்கொண்டார்கள், எதை வைத்தபோது திருப்பினார்கள் என்று வரிசையாகச் சொன்னார். நான் பதிலுக்கு, விட்டுப்போன டீச்சர்களின் விலகிய தேதியை ஏற்றாமல் விட்டால் அவர்கள் பணத்தை எடுக்க முடியாமல் நம்மிடம்தான் வந்து நிற்பார்கள், அதை அந்த மாதமே முடித்துவிடுங்கள் என்றேன். அவருக்கு அது தெரியாமல் இருந்தது. அன்று பேசியது அரை மணி நேரம் இருக்கும். இரண்டு பள்ளிக்கும் அலைச்சல் மிச்சம்.

அப்புறம் பண்ருட்டியிலிருந்து ஒருவர், கடலூர் முதுநகரிலிருந்து ஒரு அக்கா, பெண்ணையாற்றைத் தாண்டி, புதுச்சேரியில் சேர்ந்த பாகூரிலிருந்து ஒருவர் என்று ஆள் சேர்ந்தார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, மத்தியானத்துக்கு மேல், யாராவது ஒரு பள்ளியின் காலி வகுப்பறையில் உட்காருவோம். டீயும் பஜ்ஜியும் அந்தப் பள்ளியின் செலவு. புதுச்சேரிக்காரருக்கு எங்கள் கூட்டத்தில் பாதிதான் பயன். அங்கே இயக்குநரகம் வேறு, விதிகள் வேறு. மாநிலப் பாடத்திட்டத்தில் இருக்கும் தனியார் பள்ளி என்பதால் பொதுத்தேர்வுக்கு மட்டும் நம் தேர்வுத் துறைதான். அதனால் நாமினல் ரோல், அதாவது தேர்வு எழுதும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் விஷயத்தில் எங்களைவிட அவர் உஷார். பத்தாம் வகுப்புப் பிள்ளையின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித் தாளில் அச்செடுத்து, பிள்ளை, பெற்றோர், வகுப்பாசிரியர் மூவரிடமும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்குவார். ழகரத்துக்கு ஆங்கிலத்தில் என்ன எழுத்து, ஓகாரத்துக்கு ஒரு 'ஓ'வா இரண்டா என்று அவர் கேட்கும்போது பெற்றோருக்கே சலிப்பு வரும். மதிப்பெண் பட்டியல் அச்சாகி வந்த பிறகு திருத்த அலைவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கையெழுத்தின் மதிப்பு தெரியும். நாங்கள் எல்லோரும் இப்போது அதே தாளை வைத்திருக்கிறோம்.

தாளாளர்கள் முதலில் சந்தேகப்பட்டார்கள். "அங்க போய் நம்ம கணக்கை எல்லாம் சொல்லிடுவீங்களாம்மா?" என்று எங்கள் தாளாளரே கேட்டார். கேட்டதில் தப்பில்லை. ஒரு பள்ளியில் பிள்ளை கூடினால் இன்னொன்றில் குறையும், ஊர் அவ்வளவுதான் பெரிது. நான் அவரிடம் சொன்னது இதுதான்: பிள்ளை சேர்வது பாடம் நடத்துவதைப் பார்த்து, பஸ் எந்தத் தெருவரை வருகிறது என்பதைப் பார்த்து. தீயணைப்புச் சான்றுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பதை ஒளித்துவைத்து எந்தப் பள்ளியும் ஒரு அட்மிஷன்கூட அதிகம் வாங்கியதில்லை. அவர் சிரித்துவிட்டு, கூட்டத்துக்குப் போய்வரப் பள்ளி வண்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அந்தக் கூட்டங்களில் கற்றதில், மற்ற பள்ளி ஆபீஸ்களுக்கும் கைகொடுக்கும் என்று நினைப்பவற்றைச் சொல்கிறேன்.

சான்றுகள் நாலும் ஒரே நாளில் காலாவதியாகாது. இதுதான் முதல் தலைவலி. ஒன்றைக் கையில் வாங்கும்போது இன்னொன்று முடிந்திருக்கும். அதோடு ஒன்று இன்னொன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தாசில்தார் அலுவலகத்தில் கட்டட உரிமம் கேட்டால் பொறியாளரின் உறுதிச் சான்று எங்கே என்பார்கள். தீயணைப்பு நிலையத்திலிருந்து பார்வையிட வரும்போது சிலிண்டரின் மறுநிரப்புத் தேதிச் சீட்டைத்தான் முதலில் திருப்பிப் பார்ப்பார்கள். சுவரில் பெரிய தாள் ஒட்டி, நாலு சான்றின் முடிவுத் தேதியையும் சிவப்பில் எழுதி, மூன்று மாதம் முன்னால் பச்சையில் இன்னொரு தேதி எழுதுங்கள். பச்சைத் தேதிதான் நம்முடைய தேதி. கணினியில் நினைவூட்டல் வைப்பதைவிடச் சுவர்த்தாள் நல்லது. தாளாளர் அறைக்குள் வரும்போதெல்லாம் அவர் கண்ணிலும் படும், கையெழுத்துக்கு அவரைத் துரத்த வேண்டியிருக்காது.

பேருந்து விஷயத்தை ஓட்டுநர்களிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். மே மாதம் வட்டாரப் போக்குவரத்து, வருவாய், காவல், கல்வித் துறையினர் சேர்ந்து மைதானத்தில் நடத்தும் கூட்டாய்வில் என்ஜினுக்காகத் திருப்பி அனுப்பப்பட்ட வண்டிகளை நான் அதிகம் பார்த்ததில்லை. அவசர வழிக் கதவு துருப்பிடித்துத் திறக்காது, முதலுதவிப் பெட்டியில் மருந்து காலாவதியாகியிருக்கும், கடைசி வரிசைக்குக் கீழே தரைத்தகடு உளுத்திருக்கும். பள்ளி மூடிய அடுத்த நாளே ஆபீஸிலிருந்து ஒருவர் வண்டிக்குள் ஏறி, ஒவ்வொரு இருக்கைக்கும் கீழே குனிந்து பார்த்து, காலால் தட்டிப் பார்க்க வேண்டும். எங்கள் பள்ளியில் அது என் வேலை. புடவையைச் செருகிக்கொண்டு ஏறிவிடுவேன்.

கட்டணக் குழுவுக்குக் கொடுக்கும் கணக்கில் பல பள்ளிகள் அடிபட்டதற்குக் காரணம் ஒன்றே: ஏட்டில் இல்லாத செலவு. கையில் கொடுத்த சம்பளம், பில் இல்லாமல் வாங்கிய மணல், தாளாளர் சொந்தப் பணத்திலிருந்து கட்டிய கரண்ட் பில். காட்டிய செலவை வைத்துத்தான் கட்டணம், அது மூன்று வருஷத்துக்கு நிற்கும். சம்பளத்தை வங்கி வழியாகக் கொடுக்கத் தயங்கிய நிர்வாகங்கள்கூட அதற்குப் பிறகுதான் வழிக்கு வந்தன. டீச்சர்களுக்கு அதனால் நன்மை. எங்கள் சங்கதியில் எனக்கு மனசுக்குப் பிடித்த மாற்றம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கல்வி உரிமைச் சட்டத்துப் பிள்ளைகளுக்கு அரசு தரும் தொகையை அந்தப் பள்ளி ஆண்டின் வரவாக எண்ணிச் சம்பளத் திட்டம் போடாதீர்கள். வரும்போது வரட்டும், தனிக் கணக்கில் இருக்கட்டும்.

இப்போது ஃபீஸ் வசூல். இதில்தான் ஊர் தெரிந்திருக்க வேண்டும். மென்பொருள் விற்க வருகிறவர் ஜூன், செப்டம்பர், ஜனவரி என்று மூன்று தவணையை அழகாகப் போட்டுக் காட்டுவார். கடலூரில் பணம் அந்த மாதங்களில் புழங்குவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தேவனாம்பட்டினத்து அப்பாவிடம் ஜூன் முதல் வாரத்தில் முழுத் தவணையைக் கேட்டால் அவர் எங்கே போவார்? வட்டிக்குத்தான் போவார். ஜூலை நடுவில் கேட்டால் கட்டிவிடுவார். பண்ருட்டிப் பக்கம் நேர் எதிர்: முந்திரியும் பலாவும் கோடையில் காசாகும், மே மாதமே கட்டிவிட்டுப் போகத் தயாராக இருப்பார்கள், ஆனால் நம் கவுன்டர் மூடியிருக்கும். கரும்பு போட்டவருக்கு ஆலைப் பணம் வரும் நாள்தான் தவணை நாள். பரங்கிப்பேட்டை பக்கத்துக் குடும்பங்களில் அப்பா வளைகுடாவில், பணம் மாத முதல் வாரத்தில் வரும். பண்ருட்டிக்காரர் கோடையில் கவுன்டரைத் திறந்துவைக்கச் சொன்னார், முதுநகர் அக்கா மீனவக் குடும்பங்களுக்குத் தவணையை ஒரு மாதம் தள்ளச் சொன்னார். இரண்டையும் செய்தோம். பாக்கிப் பட்டியல் நன்றாகச் சுருங்கியது. கடுமையாகக் கடிதம் அனுப்பிய வருஷங்களில் அப்படிச் சுருங்கியதில்லை.

யு.பி.ஐ. வந்தபோது இனி வேலை மிச்சம் என்று எல்லோரும் சொன்னார்கள். கவுன்டரில் கூட்டம் குறைந்தது உண்மை. சில்லறைத் தகராறு, கிழிந்த நோட்டு எல்லாம் போயே போய்விட்டது. ஆனால் காலையில் வங்கி அறிக்கையைத் திறந்தால் ஒரே தொகையில் வரிசையாக வரவு. எல்.கே.ஜி.க்கு எல்லோருக்கும் ஒரே கட்டணம்தானே? அனுப்பியவர் பெயர் இருக்கும், பிள்ளை பெயர் இருக்காது. அப்பா போனில் பணம் இல்லை என்று சித்தப்பா போனிலிருந்து வந்திருக்கும், கடைப் பையன் போனிலிருந்து வந்திருக்கும். இதை யார் தலையில் எழுதுவது? சேர்க்கை எண்ணைக் குறிப்பில் போடச் சொன்னால் பாதிப் பேர் 'ஃபீஸ்' என்று மட்டும் போடுவார்கள். இப்போது எங்களில் பலர் வங்கியிடம் பேசி, பிள்ளைக்கு ஒரு தனிக் கணக்கு எண் அல்லது தனி க்யூ.ஆர். வாங்கிவிட்டோம். அது இல்லாத பள்ளிகளுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு: ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்து ரசீது போடாதீர்கள். அதிலுள்ள 12 இலக்க எண் வங்கி அறிக்கையிலும் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ரசீது. போலி ஸ்க்ரீன்ஷாட் காட்டும் செயலிகள் இருக்கின்றன. பெற்றோர் கோபித்துக்கொண்டால், "நாளைக்குக் காலையில் ரசீது உங்க போனுக்கே வந்துடும் சார்" என்று சொல்லிவிடுங்கள்.

ஜி.எஸ்.டி.யில் பண்ருட்டிக்காரர் ஒரு நாள் கொண்டுவந்த தாள் எல்லோருக்கும் லாபம். மேல்நிலை வரையுள்ள பள்ளிக்கு, பள்ளி வளாகத்தில் செய்யும் காவல், துப்புரவுப் பணிகளுக்கும், மாணவர்களை ஏற்றிச் செல்லும் போக்குவரத்துக்கும், பள்ளிக்கு வழங்கும் உணவுச் சேவைக்கும் வரிவிலக்கு உண்டு. ஒப்பந்தக்காரர்களோ எல்லா இடத்துக்கும் போடுகிற மாதிரி 18 சதவீதம் சேர்த்து பில் போட்டுவிடுகிறார்கள். பழைய பில்களை எடுத்துப் பாருங்கள். அதே மூச்சில் இன்னொன்று: மைதானத்தையும் அரங்கத்தையும் கல்யாணத்துக்கோ கண்காட்சிக்கோ வாடகைக்கு விட்டால் அது கல்விச் சேவை ஆகாது, விலக்கும் கிடையாது. சீருடை விற்றாலும் அப்படித்தான், தனியாகக் கணக்கு வையுங்கள்.

டி.சி. பழைய நாளில் எங்கள் ஆயுதம். பாக்கி வைத்தவர் டி.சி. கேட்டு வரும்போது வசூலித்துவிடலாம். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், சேர்க்கைக்கு டி.சி.யைக் கட்டாயப்படுத்தக் கூடாது, கட்டணப் பாக்கியை அதில் எழுதவும் கூடாது என்று சொன்னது. தீர்ப்பு வந்த வாரத்தில் எங்கள் கூட்டத்தில் சத்தம் அதிகம். வசூல் போச்சு என்றார் ஒருவர். முதுநகர் அக்கா மட்டும், "பாக்கி அப்பா வச்சது, பூட்டு பிள்ளைக்கா?" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. எமிஸில் பிள்ளையை, அடுத்த பள்ளி எடுத்துக்கொள்ளும் பொதுப் பட்டியலுக்கு விடாமல் வைத்திருப்பதும் அதே பழக்கத்தின் மிச்சம்தான். இப்போது எங்களுக்குள் ஒரு ஏற்பாடு: ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்குப் பிள்ளை போனால் ஒரு போன், மறுநாள் மாலைக்குள் எமிஸில் விடுவிப்பு. பாக்கியை பெற்றோரிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறோம். கொரோனா காலத்தில் கட்டணத்தில் முதலில் 40 சதவீதமும் பள்ளி திறந்த பிறகு 35 சதவீதமும் வாங்கலாம் என்று நீதிமன்றம் சொன்ன வருஷத்தில், பணம் கேட்டு வற்புறுத்தாத பள்ளிகளுக்குப் பெற்றோர் பின்னாளில் எப்படித் தேடிவந்து கட்டினார்கள் என்பதை நாங்கள் எல்லோருமே பார்த்தோம்.

கடலூர் ஆபீஸ்காரர்களுக்கென்றே ஒரு பாடம் இருக்கிறது, அது தண்ணீர். 2011 டிசம்பர் 30 தானே புயலில் மின்சாரம் போய் நாள்கணக்கில் வரவில்லை. 2015 மழையில் பீரோவின் கீழ்த்தட்டுவரை ஈரம். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை நீர் பெண்ணையாற்றில் வந்தபோது கரையோரத்துக் குடியிருப்புகளில் பிள்ளைகளின் சான்றிதழ்கள் நனைந்துபோயின, நகல் கேட்டு வந்தவர்களுக்குப் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்துதான் எழுதிக் கொடுத்தோம். அந்தப் பதிவேடு நிரந்தர ஆவணம். அதைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள். மாடியில், ஜன்னலை ஒட்டாத சுவரில், இடுப்புயரத்துக்கு மேல். டி.சி. அடிக்கட்டைகளும் அங்கேயே. எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் எடுத்து ஒரு பிரதியைப் பள்ளிக்கு வெளியே, ஒரே தெருவில் இல்லாத இடத்தில் வையுங்கள். சர்வரையும் யு.பி.எஸ்.ஸையும் மேசைக்கு அடியில் தரையில் வைக்கிற பழக்கம் எல்லா ஆபீஸிலும் இருக்கிறது, இன்றைக்கே தூக்கி மேலே வையுங்கள். அச்சடித்த ரசீதுப் புத்தகம் ஒன்று எப்போதும் இருக்கட்டும். தானேக்குப் பிறகு எங்களுக்கு வேலை நடந்தது அதை வைத்துத்தான்.

பகிர்வதற்கும் எல்லை உண்டு. ஒரு கட்டத்தில் ஒருவர், பாக்கி வைத்துவிட்டுப் பள்ளி மாறும் பெற்றோரின் பெயர்ப் பட்டியலை எல்லோரும் பரிமாறிக்கொள்ளலாம் என்றார். கேட்க வசதியாகத்தான் இருந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை, பாகூர்க்காரரும் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளையைச் சேர்க்க வருகிறவரைக் கையில் ஒரு கறுப்புப் பட்டியலோடு வரவேற்கிற ஊராகக் கடலூர் ஆகவேண்டாம். போதாக்குறைக்கு, தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 2023இல் வந்துவிட்டது. மாணவர் விவரம், ஆதார் எண், பெயரோடு கூடிய சம்பளப் பட்டியல், டீச்சர் ஏன் விலகினார் என்ற கதை, இவை கூட்டம் நடக்கும் வகுப்பறைக்குள் வரக்கூடாது என்பது எங்கள் விதி. கட்டணத்தை நாமெல்லாம் சேர்ந்து ஒரே மாதிரி ஏற்றலாமா என்ற பேச்சும் அப்படியே, அதற்குக் குழு இருக்கிறது.

பகிரவேண்டியதில் முதலிடம் நான் தருவது, திருப்பி அனுப்பப்பட்ட கோப்புகளுக்கு. ஒப்புதல் வந்த கோப்பைக் காட்டுவதில் எல்லோருக்கும் ஆசை. அதில் கற்க ஒன்றுமில்லை. 'கீழ்க்கண்ட குறைகளை நிவர்த்தி செய்து மீள அனுப்பவும்' என்று வந்த கடிதம்தான் தங்கம். பெயர்களையும் எண்களையும் மறைத்துவிட்டு அந்தக் கடிதத்தின் நகலை எல்லோருக்கும் கொடுப்போம். ஒரே வருஷத்தில் அவை ஒரு கோப்பாகச் சேர்ந்தபோது, அலுவலகம் எதை எதிர்பார்க்கிறது என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லாத விஷயங்கள் அதில் இருந்தன: இணைப்புகளை எந்த வரிசையில் அடுக்குவது, வரைபடத்தில் எந்த அறைக்கு அளவு எழுதாமல் விட்டால் கேட்பார்கள், அறக்கட்டளைப் பத்திரத்தின் எந்தப் பக்கத்துக்குச் சான்றொப்பம் வேண்டும் என்று.

இன்னொன்று, கைமாற்று நோட்டு. எங்கள் குழுவில் ஒருவர் ஓய்வுபெற்றபோது அவர் இடத்துக்கு வந்த பெண்ணுக்கு வயது இருபத்தைந்துகூட இருக்காது. மென்பொருளை எங்களுக்கே சொல்லிக்கொடுப்பாள், ஆனால் ஊரின் எந்த அலுவலகத்தில் எந்த மாடியில் எந்தப் பிரிவு என்று தெரியாது. ஓய்வுபெற்றவர் மூன்று மாதம் முன்பே ஒரு நானூறு பக்க நோட்டில் மாதவாரியாக எழுத ஆரம்பித்திருந்தார். ஏப்ரலில் என்ன, மே முதல் வாரத்தில் என்ன, டி.டி.எஸ். (நாம் பிடித்துவைத்த வருமான வரி) கட்டும் 7ஆம் தேதிக்கு முன்னால் எந்தப் பில்லைப் பார்க்க வேண்டும், எந்த கடவுச்சொல் யார் போனுக்கு ஓ.டி.பி. அனுப்புகிறது என்பதுவரை. அந்தக் கடைசி விஷயத்தைக் கட்டாயம் எழுதுங்கள். பள்ளியை விட்டுப்போனவரின் போனுக்கு ஓ.டி.பி. போய்க்கொண்டிருக்கும் இணையதளங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் உங்களுக்கே திக்கென்று இருக்கும். பள்ளியின் பெயரில் ஒரு போன் எண் வாங்கி, எல்லாப் பதிவுகளையும் அதற்கு மாற்றிவிடுவதுதான் வழி.

போன கூட்டத்தில் அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்டாள். "அக்கா, இந்த நோட்டையெல்லாம் ஒவ்வொருத்தரும் தனித்தனியா ஏன் எழுதணும்? பொதுவான பக்கங்களைச் சேர்த்து ஒரே புத்தகமா அடிச்சா என்ன?" யாரிடமும் மறுப்பு இல்லை. ஆளுக்கு மூன்று மாதம் என்று பிரித்துக்கொண்டோம். எனக்கு ஏப்ரல், மே, ஜூன். பேருந்து ஆய்வும் சேர்க்கையும் என் தலையில்தான் விழும் என்று எனக்கு முன்பே தெரியும். தீயணைப்புச் சான்றுப் பக்கத்தை மட்டும் இன்னும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அண்மையில் புதுப்பித்தவர்கள் யாராவது இந்தப் பக்கம் இருந்தால், வந்த குறைக் கடிதத்தோடு அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வரலாம். பஜ்ஜி இந்தத் தடவை எங்கள் பள்ளிச் செலவு.